பிக்கப் நின்றதற்குக் காரணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சலவைக்கூடத்தின் முற்றத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். முப்பது வருடமாகக் கூடத்தை நடத்திவரும் பெரியக்கா. அவளுடைய தங்கை. தங்கையின் கணவர், பாய்லரையும் மெஷின்களையும் பார்த்துக்கொள்பவர் என்பதால் வெளியே அவருக்குப் பாய்லர்க்காரர் என்றே பெயர். இரண்டு பெண்களுக்கும் இளையவனான தம்பி. அவன்தான் கடைத்தெருக் கோடியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். வண்டி ஓட்டுகிறவர், நாற்பதுக்கு மேல் முள்ளைப் போகவிடாதவர், அதனால் எல்லோரும் அவரை எக்ஸ்பிரஸ் என்பார்கள். ஆறாவது ஆள் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அதிகாரி. இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. நானும் பார்த்தேன், மதில் மேலிருந்து பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் அன்றைக்குத் தத்தம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்கள்.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இருபத்து மூன்று வருடப் பழசான வெள்ளை பிக்கப். வாரத்தில் ஆறு நாள் காலை ஏழு மணிக்கு வெளுத்த துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். பத்து மணிக்கு அழுக்கு மூட்டைகளோடு திரும்பும். இத்தனை வருடத்தில் அது மானத்தை வாங்கியதில்லை. இரண்டு மாதமாகத்தான் இந்தப் புது வழக்கம். காலையில் சாவியைத் தொட்டதும் கிளம்பும். அரை மணி நேரம் ஓடும். அப்புறம் யாரோ கையை நீட்டிச் சாவியைத் திருப்பியது மாதிரி, இருமாமல் திணறாமல், பட்டென்று அணைந்துவிடும். பாலத்தின் நடுவில் அணைந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு அணைந்திருக்கிறது. கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பக் கிளம்பும்.

தம்பி மூன்று தடவை பார்த்தான். முதலில் என்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினான். வண்டி நின்றது. அடுத்து, காற்று போகும் வாயில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரை மாற்றினான். மறுபடியும் நின்றது. மூன்றாவதாக கிராங்க் சென்சார். என்ஜின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் காது அதுதான். அது செத்தால் தீப்பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. அதை மாற்றிவிட்டு, "இத்தோட முடிஞ்சுது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். நான்கே நாளில் வண்டி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னால் நின்றது.

அன்றைக்கு எக்ஸ்பிரஸ்ஸுக்குத் துணையாகப் போயிருந்தவர் பாய்லர்க்காரர். தாமதத்துக்கு ஸ்டோர் அதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்ன காரணம் இது: "வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. வைத்தியர்தான் சரியில்ல. புதுசுன்னு சொல்லிப் பழசை மாட்டறான், கழட்டின நல்லதைத் தன் கடைக்கு எடுத்துட்டுப் போயிடறான். அக்கா வண்டிதானே, கேக்க யாரு இருக்கா?"

ஸ்டோர் அதிகாரி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் காரியத்தைத்தான் அவரும் செய்தார். பெரியக்காவுக்குப் போன் போட்டு, குடும்ப விஷயத்தில் தான் தலையிடுவதில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

அந்த நிமிடத்திலிருந்து பெரியக்கா கோபமாக எழுந்தாள், கோபமாகச் சாப்பிட்டாள், கோபமாகப் படுத்தாள். அவளுடைய வீட்டு ஆட்களை ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். திருடன் என்று யாரும் சொன்னதில்லை. அதுவும் வீட்டு மாப்பிள்ளை, வீட்டுப் பையனை, வெளியாள் காதில் சொல்லியிருக்கிறார்.

போன் வந்த அன்றைக்கே நேரே தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு கார் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை வா. அந்த ஸ்டோர் ஆளையும் வரச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் வண்டிக்கு என்ன கோளாறுன்னு காட்டு" என்றாள் பெரியக்கா.

"நான் நிரூபிக்கணுமா?"

"ஆமா."

"உன்கிட்டயா, அவங்ககிட்டயா?"

பெரியக்கா பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "வரேன். கண்டுபிடிச்சுக் காட்டிட்டா, அதோட உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். முடியலன்னா கடையைப் பூட்டிட்டு வேற ஊருக்குப் போறேன். திருட்டுப் பேர் வாங்கின மெக்கானிக்கிட்ட எவனும் சாவியைக் கொடுக்க மாட்டான்."

எப்படிப் பார்த்தாலும் தம்பி போய்விடுவான் என்று அவளுக்குப் புரிந்தது. பேரோடு போகிறானா, பேர் கெட்டுப் போகிறானா என்பதுதான் மிச்சம். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவன் வந்தான். ஒரு கையில் கருவிப் பெட்டி, இன்னொரு கையில் பிஸ்கட் டப்பா. யாரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை. துணி மடிக்கும் நீள மேஜையின் பக்கத்தில் ஸ்டோர் அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தது. அவர் எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று பாதியில் நின்று, மறுபடியும் உட்கார்ந்தார்.

"வாங்க மச்சான்" என்றார் பாய்லர்க்காரர், உலகத்திலேயே ஒன்றும் நடக்காதது போல. "டீ சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னதே போதும் அத்தான்."

எக்ஸ்பிரஸ் சிரித்துவிட்டு, பெரியக்காவின் முகத்தைப் பார்த்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்.

தம்பி பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தான். மூன்று சென்சார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைத் துண்டு நூலால் கட்டியிருந்தது, கழற்றிய தேதியோடு.

"இந்த வண்டில இருந்து நான் கழட்டினது இவ்வளவுதான். எதுவும் எங்கேயும் போகல."

"தேதியை நேத்துகூட எழுதலாம்" என்றார் பாய்லர்க்காரர்.

"மாப்பிள்ளை" என்றாள் பெரியக்கா. "வாயை மூடிட்டுப் பாருங்க."

அந்த வீட்டில் மாப்பிள்ளையிடம் அப்படி யாரும் பேசியது கிடையாது. தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கண்ணிலும் கோபம் இருந்தது. அது யார் மேல் என்று அவளுக்கே தெரியாத கோபம். பத்து நாளாக ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி என்று நடுவில் நின்று காய்ந்துகொண்டிருந்தாள்.

தம்பி பழைய கிராங்க் சென்சாரைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் நீளத்தில், நுனியில் காந்தம் வைத்த ஒரு சின்ன உருளை. மின்தடையை அளக்கும் மீட்டரின் இரண்டு கம்பிகளை அதன் இரண்டு பின்களில் வைத்தான். "உள்ள மெல்லிசான கம்பிச்சுருள் இருக்கு. நல்லா இருந்தா எண்ணூத்துச் சொச்சம் ஓம் காட்டணும். கெட்டுப்போனதுல பாதி இப்படி ஆறியிருக்கும்போது நல்லாத்தான் காட்டும். சூடானா உள்ள கம்பி விட்டுப்போகும். ஆறினா ஒட்டிக்கும். வண்டி நிக்கறதும் கிளம்பறதும் அந்த மாதிரி இருந்துச்சு, அதனாலதான் மாத்தினேன்."

மீட்டரில் எண்ணூற்று எண்பது என்று வந்தது.

"பாய்லர்ல இருந்து கொதிக்கிற தண்ணி வேணும்."

பாய்லர்க்காரர் அசையவில்லை. எக்ஸ்பிரஸ் போய் ஒரு குவளையில் பிடித்துக்கொண்டு வந்தார். தம்பி பின்கள் நனையாதபடி சென்சாரின் நுனியைத் தண்ணீரில் விட்டுப் பிடித்தான். எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து எழுபது, ஆயிரத்து நாற்பது. ஆயிரத்து எண்பதில் போய் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

தம்பியின் முகம் மாறியது.

"அப்படின்னா?" என்றார் ஸ்டோர் அதிகாரி.

"சூட்டுக்கு அவ்வளவு ஏறறது சகஜம்" என்றான் தம்பி. வார்த்தைகளைப் பல்லுக்கிடையில் இருந்து பிடுங்கி எடுப்பது போல இருந்தது. "இது நல்ல சென்சார்."

"கேட்டீங்களா?" பாய்லர்க்காரர் ஸ்டோர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நல்லதைக் கழட்டியிருக்கான். அவனே சொல்றான். நான் வேற என்ன சொன்னேன்?"

"தப்பா மாத்தறது வேற, திருடறது வேற" என்றான் தம்பி.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். வண்டி நிக்குதே."

பெரியக்கா அந்தக் குவளைத் தண்ணீரை எடுத்து யார் மேலாவது ஊற்றிவிடுவாள் போல நின்றாள். தம்பியின் மேலும் கோபம் வந்தது. இதை வீட்டில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை. அவள் வீட்டு ரத்தம் அது. தான் செய்ததைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

"அடுத்து என்ன?" என்றாள்.

"வண்டி என் கண்ணு முன்னாடி நிக்கணும். இத்தனை நாள் போன் வந்து நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடும். ஆறினதுக்கப்புறம் எதை அளந்தாலும் நல்லாத்தான் இருக்கும். எக்ஸ்பிரஸ் அண்ணே, ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தே வெச்சிருங்க."

"எத்தனை நேரம் தம்பி?"

"சாகிற வரைக்கும்."

"நானா, வண்டியா?"

பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். தம்பி ஓர் அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தான். கிராங்க் சென்சார், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கை மட்டும் நுழையும் சந்தில் இருந்தது. அதன் சாக்கெட்டைக் கழற்றினால் உடனே கையில் வரும்படி பக்கத்துக் குழாய்களை ஒதுக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்தான்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. சூட்டு முள் நடுவுக்கு வந்தது. ஸ்டோர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் மெஷினும் இப்படித்தான், எஞ்சினியர் வந்து நின்றால் ஒழுங்காக வேலை செய்யும் என்றார். பிறகு நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டார்.

தம்பி ஜன்னல் வழியாக டேஷ்போர்டை எட்டிப் பார்த்தான்.

"இந்த என்ஜின் விளக்கு ஒண்ணு எரிஞ்சிருந்தா எனக்கு இந்தக் கதியே வந்திருக்காது. இந்த மாடல்ல கம்ப்யூட்டர் பேசாது, விளக்கைச் சிமிட்டிக் காட்டும். இத்தனை தடவை சிமிட்டினா சூட்டு சென்சார், இத்தனை தடவைன்னா கிராங்க் பக்கம் கோளாறுன்னு கணக்கு. நாக்கை அறுத்த ஆளுக்கு வைத்தியம் பாக்கற மாதிரி இருக்கு எனக்கு. பல்பு மாத்தியும் பாத்தாச்சு, எரியல. அக்கா, இது எப்ப இருந்து எரியல?"

இதே கேள்வியை அவன் முதல் தடவையே கேட்டான். "ரொம்ப நாளா எரியறதில்ல" என்று அன்றைக்குச் சொன்னாள். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதையே சொன்னாள். இப்போதும் வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் நாக்கை அறுத்த ஆள் என்ற பேச்சு காதில் தங்கிவிட்டது.

பாய்லர்க்காரர் கூரைப் புகைக்குழாயை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். போன வருடம், தம்பி ஏதோ பயிற்சிக்காக மூன்று வாரம் வெளியூர் போயிருந்த சமயம், இதே ஸ்டோர் அதிகாரி ஒரு நாள் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். டேஷ்போர்டில் மஞ்சளாக அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "என்னம்மா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பெரியக்காவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. மெக்கானிக்கைத் தம்பியாக வைத்துக்கொண்டு, கோளாறு விளக்கைக் கொளுத்திக்கொண்டு ஊர்வலம் போவதா? வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "அந்த விளக்கு இனிமே யார் கண்ணுலயும் படக்கூடாது. தம்பி வந்தா அவன்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம், நம்மளையே குறை சொல்லுவான்." ஒரு மணி நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது. எப்படி அணைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரர் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு விளக்குக்கும் நடு ரோட்டில் வண்டி நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள். சம்பந்தம் இருக்கிறது என்று இப்போது தம்பி சொல்கிறான், வெயிலில் வியர்த்துக்கொண்டு, திருடன் பட்டத்தோடு.

"காதுல விழலையா அக்கா?"

"எக்ஸ்பிரஸ்" என்று கத்தினாள் அவள். "எதுக்கு இவ்வளவு உறும விடறீங்க? மெதுவா மிதிங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக, வேகமாகப் போகிறாய் என்று ஒருவர் தன்னைத் திட்டியதில் எக்ஸ்பிரஸ் வாயடைத்துப் போனார்.

இருபத்தெட்டாவது நிமிடம் என்ஜின் அணைந்தது. இருமல் இல்லை, திணறல் இல்லை. முற்றமே காது அடைத்தது போலாயிற்று.

தம்பி அதற்குள் அட்டையில் படுத்திருந்தான். "யாரும் சாவியைத் தொடாதீங்க." சந்துக்குள் கையை விட்டுச் சாக்கெட்டை உருவினான். மீட்டரைச் சென்சாரில் வைத்தான். "ஆயிரத்துத் தொண்ணூறு. சென்சார் உயிரோடதான் இருக்கு. புதுசு, நல்லது, நான் மாட்டினது" என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. சாக்கெட்டை மறுபடியும் மாட்டிவிட்டுப் புரண்டு வெளியே வந்து, பானெட்டுக்குள் பக்கச் சுவரில் திருகியிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பெரிய சாக்கெட்டைக் கழற்றினான். அதே சென்சாரின் இரண்டு வயர்கள் வந்து சேரும் துளைகளில் மீட்டரை வைத்தான். எண் வரவில்லை. இடது ஓரத்தில் ஒற்றை ஒன்று மட்டும் நின்றது.

"வயர் அறுந்திருக்கு" என்றான் மெதுவாக. "அங்க உயிர் இருக்கு, இங்க வந்து சேரல. நடுவுல எங்கயோ."

கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து வயர்க் கட்டு, வரிவரியான கறுப்புக் குழாய் உறைக்குள் புகுந்து, என்ஜினுக்குப் பின்னால், சைலன்சர் குழாய் கிளம்பும் இடத்துக்கு மேலாகப் போயிற்று. அவன் சூட்டைப் பொருட்படுத்தாமல் உறையை விரலால் பிளந்துகொண்டே போனான். ஒரு சாண், இரண்டு சாண். நின்றான்.

பெரியக்கா அவனுக்குப் பின்னால் தோள் உரச நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள்.

உறைக்குள் இரண்டு நீல வயர்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒன்றின் இரண்டு முனையும் தனித்தனியாக மடித்துக் கட்டியிருந்தது. இன்னொன்று வெட்டி, முறுக்கி, திரும்பச் சேர்த்திருந்தது. முறுக்கு பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் சுற்றியிருந்தது வயர் டேப் அல்ல. பருத்தி நாடா. சூட்டில் கருகிப் பழுப்பேறியிருந்தாலும், அதன் மேல் அழியாத மையில் குத்திய எண் தெரிந்தது. ஆறு. ஆறாவது வார்டின் போர்வை மூட்டையில் கட்டுகிற நாடா. அந்த மேஜையில் வைத்து வாரா வாரம் அவள் கையாலேயே முத்திரை குத்துகிற நாடா.

தம்பி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நொடிதான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. அந்த விளக்கு, மூன்று தடவை கேட்ட கேள்வி, கிடைத்த பதில். கோபத்தில் கழுத்து நரம்பு எழும்பியது. பிறகு உறையைப் பழையபடி மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, கிடைச்சுதா?" என்றார் ஸ்டோர் அதிகாரி நாற்காலியில் இருந்து.

"கிடைச்சுது சார். பழைய வயர். சூட்டுல விட்டுப்போயிருக்கு. பத்து நிமிஷ வேலை."

"அப்படியா. அப்போ யார் மேலயும் தப்பில்ல." அவருக்கு நிம்மதி. "மெக்கானிக்தான் அவசரப்பட்டு மூணு நல்ல பாகத்தை மாத்திட்டார். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பாய்லர்க்காரர். குரலில் தெம்பு வந்திருந்தது. "வேலை தெரிஞ்சவன் முதல்ல வயரைத்தான் பாப்பான்."

பெரியக்கா பேசாமல் இருந்திருக்கலாம். கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் மானம் பத்திரமாக உறைக்குள் இருந்தது, தம்பியின் கைக்கடியில். தம்பி திருடனில்லை, வெறும் மட்டி என்று ஆகியிருப்பான். ஒரு மெக்கானிக்குக் கடையைப் பூட்டுவதற்கு அதுவும் போதும்.

"கையை எடு" என்றாள்.

"அக்கா, விடு. முடிஞ்சுது."

"கையை எடுடா."

அவனைத் தோளால் தள்ளிவிட்டு, சூடான உறைக்குள் கையை விட்டு நாடாவைப் பிரித்து உருவினாள். விரல் சுட்டது. அதைக் கொண்டுபோய் ஸ்டோர் அதிகாரியின் மடியில் வைத்தாள்.

"இது என்ன நம்பர்?"

"ஆறு" என்றார் அவர் பயந்துபோய். "எங்க ஆறாவது வார்டு."

"என் வீட்டு நாடா. எந்த ஒர்க்‌ஷாப்புலயும் இதை வயருக்குச் சுத்த மாட்டான். போன வருஷம் நீங்க வண்டில ஏறி, காய்ச்சலான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த விளக்கை அணைக்கச் சொன்னது நான். தம்பிக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னதும் நான். அவன் மூணு தடவை கேட்டான். மூணு தடவையும் மறைச்சேன். அந்த விளக்கு எரிஞ்சிருந்தா அவன் ஒரு பாகத்தைக்கூட மாத்தியிருக்க மாட்டான். இதை ஆஸ்பத்திரில யார்கிட்ட வேணா சொல்லுங்க. எனக்குப் போன்ல ஒப்பிச்சீங்களே, அதே மாதிரி ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

பிறகு பாய்லர்க்காரரின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்கதானே சொன்னீங்க" என்று அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். என் தம்பியைத் திருடன்னு சொல்லச் சொன்னேனா?"

"டேஷ்போர்டைப் பிரிச்சா உடைஞ்சிடும்னு இங்க வெட்டினேன். ரெண்டும் ஒரே நீலம். முதல்ல வெட்டினது தப்பான வயர். வண்டி கிளம்பல. முறுக்கிச் சேத்துட்டு இன்னொண்ணை வெட்டினேன். கையில டேப் இல்ல."

"வண்டி நிக்க ஆரம்பிச்சப்போ உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம் வந்துச்சு. சொன்னா நீங்க சும்மா விடுவீங்களா?"

"அதனால அவன் தலைல வெச்சீங்க."

இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத தங்கை அப்போதுதான் பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. "வீட்டுல என்கிட்ட என்ன சொன்னீங்க? பழசை மாட்டினதைக் கண்ணால பாத்தேன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். பத்து நாளா என் தம்பி மூஞ்சியைப் பாக்காம இருந்தேன்." அதைச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போய்விட்டாள். பாய்லர்க்காரர் பின்னாலேயே இரண்டு அடி வைத்தார். கதவு சாத்தப்பட்டதும் அந்த இடத்திலேயே நின்றார்.

எக்ஸ்பிரஸ் வண்டியிலிருந்து இறங்கலாமா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் உள்ளேயே இருந்தார்.

தம்பி வேலையைத் தொடங்கினான். பச்சை பூத்த முனைகளை வெட்டி எறிந்தான். புதுத் துண்டு வயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, சூடு தாங்கும் உறை போட்டான். விளக்கின் வயரையும் அப்படியே சேர்த்தான். வயர்க் கட்டைச் சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டினான். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் பிடித்ததும் அணைந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டார்கள். நிற்கவில்லை. ஸ்டோர் அதிகாரி எழுந்து தம்பியிடம் போய், "நான் கேட்டதை நம்பியிருக்கக் கூடாது" என்று சொல்லிக் கை கொடுத்தார். தம்பி கிரீஸ் கையைத் துடைக்காமலே கொடுத்தான்.

அவர் போன பிறகு பெரியக்கா கருவிப் பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதுக்கு அக்கா அந்த ஆள் முன்னாடி சொன்ன? நான்தான் மூடினேன் இல்ல?" அவன் குனிந்தபடியே கேட்டான்.

"உன்னைத் திருடன்னு கேட்டது அந்தக் காதுதான். அதனால."

"அன்னைக்குக் கடைல ஒரு கேள்வி கேட்டேன். யார்கிட்ட நிரூபிக்கணும்னு. நீ பதில் சொல்லல. நீ என்னைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய்யின் விலை என்ன என்று பார்த்திருந்தாள்.

"ஒரு நாள் பட்டேன். போன் வந்த அன்னைக்கு. மறுநாள் படல."

அவன் பெட்டியை மூடினான். "செவ்வாய்க்கிழமை அந்த ஜாயின்ட்டை ஒரு தடவை பாக்கணும். வண்டியைக் கடைக்கு அனுப்பு."

"அனுப்ப மாட்டேன். இங்க வந்து பாரு."

"வர மாட்டேன்னு சொன்னேன்."

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்ன. முத்தத்துக்கு வாசப்படி கிடையாது."

அவன் அவளை முறைத்தான். அவளும் முறைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே முறைப்பு. கடைசியில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தான். ஜாயின்ட்டைப் பார்த்தான், முற்றத்தில் நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்தான், போனான். வீட்டுக்குள் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எந்தக் காரணமும் இல்லாமல் வந்து, நன்றாயிருக்கும் வயரை மறுபடியும் பார்த்தான். தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். பாய்லர்க்காரர் அந்த நேரம் பார்த்துப் பாய்லருக்குப் பின்னால் வேலை வைத்துக்கொண்டார்.

இது இவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. சலவைக்கூடத்தில் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டது, அதனால்தான் வண்டி நின்றது என்று. அது பொய். அந்தக் கூடத்தில் எலி கிடையாது. வயரைக் கத்தியால் வெட்டினார்கள். வெட்ட வைத்தது பெரியக்கா.